முதலாளிமாருக்கு ஒரு பாடவிதானம்

கல்வியைப் பற்றியும் ஊழியப்படையைப் பற்றியும் வர்த்தகத் தலைவர்களுக்கு உயர்பயிற்சி அளிக்கும் வழக்கம் இன்று உருவாகியுள்ளது. அமெரிக்க வர்த்தக சம்மேளனத்தைச் சார்ந்த அறநிலையம், மாநில, நகர வர்த்தக சங்கங்களின் தலைவர்களைத் தெரிந்தெடுத்து, மழலைப் பராமரிப்பு முதல் உயர்கல்வி, தொழிற்பயிற்சி ஈறாக அவர்களுக்குப் போதித்து அனுப்பியிருக்கிறது. நமது நாட்டிலும் "தொழிலுக்கேற்ற கல்வி" என்னும் குரல் வர்த்தக மண்டபங்களிலிருந்து எழுந்தவண்ணமே இருக்கிறது.

முதலாளிமார் கற்பதை நாம் எதிர்க்கவில்லை. கற்கட்டும், நன்றாகக் கற்கட்டும். பிள்ளையை விட்டுவர இடமில்லாத தாய் வேலைக்கு வர இயலாது என்பதை ஒரு முதலாளி உணர்வாராயின் அது நன்மையே. நமது கேள்வி வேறு. கல்விமுறை தொழிலின் தேவைக்கேற்ப வளைய வேண்டும் என்பது இத்தகையோர்க்கு முடிந்த முடிபு. தொழில்முறை மனிதனின் தேவைக்கேற்ப வளைய வேண்டாமா என்ற வினா அங்கு எழுவது மிக அரிது.

மாணவனை மனிதனாகக் காணாது "மனித மூலதன"மாகக் காணும் பார்வைக்கு, 1964இல் வெளிவந்த கரி பெக்கரின் நூல் பெருஞ்செல்வாக்குத் தேடித் தந்தது. மூலதனமென்று கண்டபின் இலாபக் கணக்குப் பார்ப்பது இயல்பன்றோ? அந்தக் கணக்கில் சரித்திரமும் சித்திரமும் இலக்கியமும் வீண் செலவாகிவிடுகின்றன.

முதலாளியிடம் கல்வியை ஒப்படைத்துப் பார்த்த அனுபவம் நமது நாட்டுக்கு உண்டு. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்தில் வாழும் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத்துரைமாரிடம் விட்டது. விளைந்தது யாது? ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில வகுப்புக்கள். அதன்பின் கொழுந்துக் கூடை. 1945இல் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் தோட்டப் பிள்ளைக்கு அதன் பயன் முழுமையாகக் கிட்டவில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, தோட்டப் பாடசாலைகள் கட்டங்கட்டமாக அரசாங்கப் பாடசாலைகளாயின.

துரைமாருக்குக் கல்வியைப் பற்றிய அறிவு போதாமையாலா இவ்வாறு நேர்ந்தது? அன்று. ஊழியப்படைப் பிரச்சினையை அவர்களைவிட நன்கறிந்தவர் எவருமிலர். படித்த பிள்ளை லயத்தில் தங்கமாட்டான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அறிந்தே அளந்து கொடுத்தனர். ஆகவே குறை அறிவில் இல்லை, நலனில் இருக்கிறது. நலன் மாறாதவிடத்து, எத்துணை உயர்ந்த பயிற்சியும் அளந்து கொடுக்கும் கையை நுட்பமாக்குமேயன்றி அகலமாக்காது.

"தகுதியான ஆட்கள் கிடைக்கவில்லை" என்பது இன்றைய முறைப்பாடு. "இந்தச் சம்பளத்துக்கு" என்ற சொற்களை மட்டும் முறைப்பாட்டாளர் விழுங்கிவிடுகின்றனர். 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. அன்றுதொட்டு ஆடைத் தொழிற்சாலைகளை நிரப்பியவர்களுள் கிராமத்துப் பாடசாலைகளில் க.பொ.த. வகுப்புவரை படித்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் குறைவாயிருந்தது படிப்பா, ஊதியமா? 2022ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டனர். நமது பாடசாலைகள் அவர்களை வேலைக்குத் தகுதியற்றவர்களாக்கின என்று இனியும் எவரேனும் கூறுவரோ?

முதலாளிமாருக்குப் பயிற்சி வேண்டுமாயின் நாமும் ஒரு பாடவிதானம் தருகிறோம். முதற் பாடம், 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். இரண்டாவது, 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் சட்டம். மூன்றாவது, 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். தொழில் கொள்வோன் செலுத்தவேண்டிய 12 வீதத்தை உரிய காலத்தில் செலுத்துவதே அதன் செய்முறைப் பரீட்சை. நான்காவது பாடத்தைத் தைக்கும் பெண்ணும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் நேரில் வந்து நடத்தட்டும்.

இஃது ஏளனமன்று. பாடவிதானத்தைப் பற்றி வர்த்தகத் தலைவர் பேசும் ஒவ்வொரு சபையிலும் ஆசிரியரும் பெற்றோரும் தொழிற்சங்கத்தாரும் சம உரிமையோடு அமர்ந்திருத்தல் வேண்டும். அத்தகைய ஆசனம் வழங்கப்படும்வரை, நம் மாணவர்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உரிமையை எந்தப் பயிற்சிச் சான்றிதழுக்கும் நாம் விட்டுக்கொடோம். ஆசிரியர் சங்கங்கள் இக்கோரிக்கையை உடனே எழுப்புதல் வேண்டும்.