மாய மாந்தரும் மெய்ம்மாந்தரும்

மலையடியில் நகரமைத்து வாழும் குறுமக்கள், கண்ணுக்குப் புலப்படாமல் பறந்து திரியும் தேவதைகள், மரத்தினுள் குடியிருக்கும் வனமகளிர் ஆகியோரைப் பற்றிய மாயப் புதினங்களை வளரிளம் பருவத்தினர் விரும்பிப் படிக்கின்றனர். ‘பாட்டியிடம் கதை கேட்கும் வயது கடந்த பின்னும் இவை எதற்கு?’ என்று பெற்றோர் சிலர் கடிந்துகொள்வதுண்டு. அது பொருத்தமன்று. தேவதைக் கதைகளில் மந்திரத்தைவிட விதிகளே மிகுதி. கொடுத்த வாக்கை மீறலாகாது; பிறர் காட்டில் நுழையுமுன் இசைவு பெற வேண்டும்; எடுத்துக்கொண்டதற்கு ஈடு தர வேண்டும். நன்று எது, தீது எது என்று தாமே எண்ணத் தொடங்கும் வயதினர்க்கு இவை நல்ல பயிற்சியாகும்.

இவ்வகைப் புதினங்களுள் சிறந்தவை ஏதேனும் ஒரு மண்ணில் வேரூன்றியவை. அயர்லாந்து எழுத்தாளர் ஓவன் கோல்ஃபர் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆர்ட்டெமிஸ் ஃபௌல்’ என்னும் புதினத்தில், நிலத்தடியில் வாழும் தேவதைக் குலத்தார் புதுமையான கருவிகளைக் கையாளுகின்றனர். ஆயினும் அவர்கள் அந்நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த தேவதைகளின் வழித்தோன்றல்களே. தமிழுக்கும் இம்மரபு புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் கடல்தெய்வம் ஒரு பெண்ணை வான்வழியே தீவுக்கு ஏந்திச் செல்கிறது. வித்தியாதரப் பெண்ணொருத்தி தீராப் பசியால் அலைகிறாள்.

அந்தமான் தீவுகளின் பழங்குடியினரும் இத்தகைய கதைவளம் உடையவர்கள். மானிடவியல் அறிஞர் ராட்கிளிஃப் பிரௌன் 1922-இல் வெளியிட்ட நூலில் பிலிகு என்னும் ஆற்றலைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அது வடகிழக்குப் பருவக்காற்றோடு தொடர்புடையது. தேன்மெழுகை உருக்கினாலும், சிள்வண்டு பாடும் வேளையில் இரைச்சல் எழுப்பினாலும் பிலிகு சினந்து புயலை ஏவும் என்று தீவினர் நம்பினர். மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி, கிரேட் அந்தமானியரிடம் கேட்டுப் பதிவு செய்த கதையொன்றில், பெருமீன் ஒருவனை விழுங்கிவிடுகிறது. அவனைத் தேடிச் சென்றோர் இறுதியில் பறவைகளாகின்றனர். அப்பதிவுகள் காலத்தே செய்யப்பட்டவை. போ என்னும் மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா சீனியர் 2010-இல் மறைந்தபோது, அம்மொழியும் பேச்சுவழக்கிலிருந்து மறைந்தது.

இவை தீவினர் தாமே சொன்ன கதைகள். தீவினரைப் பற்றிப் பிறர் புனைந்தவையோ வேறு வகையின. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பயணி மார்க்கோ போலோ, அந்தமானியர் நாய்த்தலை உடையவர் என்றார். ஆர்தர் கானன் டாயில் 1890-இல் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் புதினத்தில், நஞ்சு தோய்ந்த முள்ளைக் குழல்வழி ஊதிக் கொல்பவனாக ஓர் அந்தமானியன் வருகிறான். உண்மையில் இத்தீவினரின் படைக்கலம் வில்லும் அம்புமே, ஊதுகுழல் அன்று. எழுதியவர் பொருட்படுத்தாத இப்பிழைகளைப் படித்தவர் பலர் மெய்யென்றே கொண்டனர்.

அத்தகைய பார்வை இன்னும் முற்றும் நீங்கவில்லை. பழங்குடியினரைக் காக்க 1956-இலேயே தனி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச் சொல்லும் காணொளி ஒன்று 2012-இல் வெளியாகி நாட்டையே தலைகுனியச் செய்தது. அங்கே மனிதர் வேடிக்கைப் பொருளாயினர்.

ஆகவே, அந்தமானைக் களமாகக் கொண்டு மாயக்கதை எழுதுவோர்க்கு ஓர் எல்லை வேண்டும். மாய மாந்தரை எவ்வளவு வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம். வாழும் மக்களை மாய மாந்தர் ஆக்கலாகாது. ‘அரக்கராகக் காட்டினால்தானே இழிவு? தேவதைகளாக உயர்த்திக் காட்டுவதில் என்ன குற்றம்?’ எனச் சிலர் வினவலாம். தேவதைக்குத் தட்டம்மை வாராது. ஜாரவா மக்களிடையே 1999-இல் தட்டம்மை பரவியது. தேவதைக்குக் காடு இல்லையெனினும் கதையில் இடம் உண்டு. ஜாரவாக்களுக்குக் காடின்றி வாழ்வில்லை. மேலும், தமிழில் தம்மைப் பற்றி எழுதப்படுவதைப் படித்து மறுக்க அவர்களுக்கு வழியில்லை. மறுக்க இயலாதவரைப் பற்றிப் புனைவோர்க்குப் பொறுப்பு இரட்டிப்பாகும்.

இவ்வெல்லை கற்பனையைச் சுருக்கிவிடாது. பாரன் தீவில் புகையும் எரிமலை, பாராடாங்கில் குமிழியிடும் சேற்று எரிமலை, ஆழமற்ற கடலில் புல் மேயும் கடற்பசு, தேங்காயை உடைத்துத் தின்னும் நண்டு, வேர்கள் நீரில் நிற்கும் அலையாத்திக் காடு ஆகிய அனைத்தும் புதியதொரு மாயக்குலத்தைப் படைக்கப் போதுமானவை. இவற்றை அன்றாடம் கண்டும் கேட்டும் வளரும் தமிழ்ச் சிறுவரைவிட அக்கதையை எழுதத் தக்கவர் யாவர்?

மணிமேகலையிலேயே இதற்கொரு வழிகாட்டல் உண்டு. கப்பல் உடைந்து சாதுவன் என்னும் வணிகன் நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்குகிறான். அந்நாகர் நாடு நக்கவாரம் எனப்பட்ட நிக்கோபாராக இருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுவர். தன்னைக் கொன்று தின்ன வந்தவர்களிடம் சாதுவன் அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். உடனே அவர்கள் அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். கொலையைத் தவிர்க்குமாறு அவன் கூற, தலைவன் ஐயங்களை எழுப்பி விடை கேட்கிறான். நாகரை ஊனுண்ணும் கொடியோராகவே காட்டத் தொடங்கிய கதை, பேச்சு நிகழ்ந்தவுடன் அவர்களை எண்ணிப் பார்க்கும் மனிதராகக் காட்டுகிறது. சாதுவனைக் காத்தது மந்திரமன்று. அவன் கற்றிருந்த அயலார் மொழியே.