கவலை ஓட்டிய காலம்



பொங்கலுக்குப் போளூர் போயிருந்தேன். தம்பி மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஆறு மாதமாக கிட்டார் வகுப்பு. திண்ணையில் உட்கார்ந்து டொய்ங் டொய்ங் என்று தட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"பெரியப்பா, ஃப்ரெட் பண்ணாதேன்னா கவலைப்படாதேன்னுதானே அர்த்தம்? அப்ப கிட்டார்ல இந்தக் குறுக்குக் கம்பிக்கும் ஏன் ஃப்ரெட்னு பேரு? இது எதுக்குக் கவலைப்படுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். வயது எண்பத்து நாலு, காது கொஞ்சம் மந்தம். கடைசிச் சொல்லின் முன்பாதி மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"இன்னாது, கவலையா? நான் கவலை ஓட்டச்சொல்ல ஒங்கப்பன் பொறக்கவே இல்ல."

தம்பி மகள் என்னைப் பார்த்தாள். கவலையை எப்படி ஓட்டுவது? சைக்கிளா, ஆட்டோவா? அந்த ஒரு கேள்வியிலும் ஒரு பதிலிலும் என் விடுமுறை போயிற்று. இந்தப் பக்கமும் அதிலேயே போகட்டும்.

முதலில் அவள் கேள்வி. ஃப்ரெட் என்பது பழைய ஆங்கிலத்தில் தின்று தீர்ப்பது. ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பு 'ஃப்ரெஸ்ஸன்' இன்றும் இருக்கிறது. மாடு தின்னும், நாய் தின்னும், அதற்கெல்லாம் ஃப்ரெஸ்ஸன். மனிதன் சாப்பிடுவதற்கு அதைப் போட்டால் வசவு. ஆங்கிலத்தில் இந்தச் சொல் பூச்சி துணியைத் தின்பதற்கும், துரு இரும்பைத் தின்பதற்கும், தண்ணீர் கரையைத் தின்பதற்கும் பழகி, அப்படியே மனதுக்கும் வந்து சேர்ந்தது. ஆக, அகராதியில் எதிரே போட்டிருக்கும் 'கவலைப்படு' சரியான ஜோடி இல்லை. நம்மிடம் அதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது: அரிப்பது. கரையான் அரிக்கும், வெள்ளம் மண்ணை அரிக்கும், வேர்க்குரு அரிக்கும். கடன் கொடுத்தவன் நச்சரிப்பான். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ ஒன்று மனதை அரிக்கும்.

நம் அரிப்பில் ஆங்கிலத்துக்கு இல்லாத ஒன்றும் உண்டு. அம்மா அரிசியில் கல் அரிப்பாள். உள்பக்கம் வரிவரியாக இருக்கும் அரிக்கஞ்சட்டியில் தண்ணீரும் அரிசியும் போட்டு, இடமும் வலமும் ஒரே தாளத்தில் ஆட்டிக்கொண்டே அரிசியை மட்டும் இன்னொரு பாத்திரத்துக்குத் தள்ளுவாள். கல் வரிகளில் தங்கிவிடும். கடைசியில் ஒரு பிடி அரிசியும் நாலைந்து கல்லும் மிஞ்சும்போது அவள் கை வேகம் குறைந்துவிடும். அந்த ஒரு பிடியை வீணாக்க மனம் வராது. இப்போது கடையில் கல் இல்லாத அரிசி வருகிறது. சட்டி மாடத்தில் கிடக்கிறது, உள்ளே பழைய சாவிகள்.

கிட்டார் ஃப்ரெட் வேறு குடும்பம் என்பார்கள். மனதைத் தின்னும் ஃப்ரெட்டோடு அதற்கு ரத்த உறவு இருப்பதாகத் தெரியவில்லை. பலகையில் மெல்லிய ரம்பத்தால் பூவும் கொடியும் அறுத்தெடுக்கும் ஃப்ரெட் வேலைப்பாடும் பிரெஞ்சு வழியாக வந்த மற்றொரு சொல். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனிக்கும் ஃப்ரெட் என்றே பெயர். எல்லோருக்கும் ஒரே சட்டை. ஷேக்ஸ்பியர் இதை விடுவாரா? தன்னை வேவு பார்க்க வந்த பழைய நண்பனிடம் ஹாம்லெட், நீ என்னை ஃப்ரெட் பண்ணலாம், ஆனால் வாசிக்க முடியாது என்கிற பொருளில் ஒரு சிலேடை சொல்வான். காளமேகம் கேட்டிருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்.

நம் வீணையில் அந்தக் குறுக்குக் கம்பிக்கு மெட்டு என்று பெயர். மெழுகில் பதித்த 24 மெட்டுகள். பாட்டுக்குப் போடுவதும் மெட்டு. தம்பி மகளுக்கு இது பிடித்திருந்தது. "அப்ப இது கவலை இல்ல, மெட்டு" என்று சொல்லிவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

சித்தப்பா விடவில்லை. கொல்லைப் பக்கம் அழைத்துப் போனார். கிணறு இருக்கிறது, பாதிக்குமேல் புதர். கிணற்று மேட்டிலிருந்து கீழே சரிந்து போகும் ஒரு மண் இறக்கம், அதுதான் கவலை ஓட்டிய வாரி. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையைத் தெற்குச் சீமையில் கமலை என்பார்கள், கபிலை என்றும் உண்டு. மேலே இரும்புச் சால், அதன் அடியில் தோலால் ஆன தும்பி. சாலுக்குத் தடித்த வடம், தும்பிக்கு மெல்லிய வால்கயிறு. மாடுகள் இறக்கத்தில் இறங்கும்போது சால் மேலே வரும். விளிம்புக்கு வந்ததும் தும்பி தானாக மடிப்பு விரிந்து தொட்டியில் கொட்டும். பிறகு மாடுகளைப் பின்னுக்கு நடத்தி மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். முன்னால் போகச்சொல்வது சுலபம், பின்னால் நடக்கவைக்கத்தான் ஆள் வேண்டும் என்றார். இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாராம். அவர் பாரமும் சேர்ந்து இழுக்கும். அவருக்கும் ஒரு சவாரி ஆச்சு.

"விடிய மூணு மணிக்கு மாடு பூட்டினா வெயில் ஏறுற வரைக்கும். வேர்க்கடலைக்குத் தண்ணி. அப்ப ஏதுடா கவலை, கவலை ஓட்டறவனுக்கு?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டீசல் என்ஜின் வந்தது, கரண்ட் மோட்டார் வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது. மாடு போயிற்று. தண்ணீர் இன்னும் கீழே போயிற்று.

எங்கள் ஊருக்கு வேறொரு கவலையும் சொந்தம். பத்துப்பாட்டில் கடைசியாக நிற்கும் மலைபடுகடாம் இந்தப் பக்கத்து நிலத்தைப் பாடியது. மன்னன் நன்னனுடைய செங்கண்மா இன்றைய செங்கம். நவிரமலை என்பது பர்வதமலை என்பார்கள். சேயாறு நம் செய்யாறு. நன்னனிடம் பரிசு பெறப் போகும் கூத்தர்களுக்கு, அதைப் பாடிய பெருங்கௌசிகனார் வழி சொல்லும்போது, காட்டில் பாதை பிரிகிற இடத்தைக் கவலை என்கிறார். புதிதாக வருகிறவர்கள் அந்தச் சந்தியைத் துடைத்துவிட்டு, பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைக்கச் சொல்கிறார். கவை, கவட்டை, கவர்த்த வழி எல்லாம் ஒரே குடும்பம். மனக்கவலையும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று நின்றுபோவதுதானே அது? இலக்கண அறிஞர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

காட்டில் தோண்டும் கிழங்குக்கும் கவலை என்று பேர். குறுந்தொகையில் பேயனார், அதைத் தோண்டி எடுத்த குழியில் கொன்றைப் பூ உதிர்ந்து கிடப்பதைப் பணக்காரர் வீட்டுத் திறந்த பொற்பெட்டிக்கு ஒப்பிடுவார். சென்னை மீன் கடையில் கேட்டால், கவலை என்பது மத்தி மாதிரி ஒரு சின்ன மீன். அங்கே கவலை கிலோ கணக்கில் கிடைக்கும்.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் கடிதம் முடிக்கும்போதெல்லாம் "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்று எழுதுவார். முதல் தடவை படித்தபோது, ஏன் என்னை யோசிக்க வேண்டாம் என்கிறார் என்று கொஞ்சம் முறைத்துக்கொண்டேன். அவர்கள் ஊரில் யோசிப்பது என்றால் கவலைப்படுவது. உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்? விசாரமா, விசனமா, ரோதனையா? எழுதுங்கள்.

இன்னொன்றும் வேண்டும். கவலை ஓட்டும்போது எடுத்த பழைய புகைப்படம் யார் வீட்டிலாவது இருந்தால், பிரதி எடுத்து அனுப்புங்கள். ஆள் வடத்தின்மேல் உட்கார்ந்திருக்கிற படமாக இருந்தால் விசேஷம். தம்பி மகள் இன்னும் நம்பவில்லை, தாத்தா அளக்கிறார் என்கிறாள்.

அன்புடன்,
ஆசிரியர்