பந்தி பெருத்தால் பாசம் குறையுமா?

"தொடக்கத்தில் பன்னிரண்டு குடும்பமாக இருந்தபோது எங்கட சங்கம் ஒரு வீடு மாதிரி இருந்தது. இப்ப அது பஸ் நிலையம் மாதிரி இருக்குது." முகாம்களிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் அடிக்கடி கேட்கும் மனக்குறை இது. நாமும் இதைச் சொன்னவர்கள்தாம்.

இடம்பெயர்ந்து வந்த முதல் மாதங்களை நினைத்துப் பார்ப்போம். ஒரே வரிசையில் தறப்பாள் கட்டியிருந்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள், அதற்கு முன் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், கிழமைக்கு ஒரு சிறு தொகை சேர்க்கத் தொடங்கினோம். பதிவேடு ஓர் அப்பியாசக் கொப்பி. கூட்ட மண்டபம் ஒரு வேப்பமர நிழல். யாருக்காவது காய்ச்சல் என்றால், கூட்டம் முடிந்ததும் எல்லோரும் அந்தக் குடிசைக்குப் போனோம். விதை வெங்காயம் வாங்க முதற்கடன் கொடுக்கும் நாள் வந்தபோது, "அவவுக்குக் குடுங்கோ, குமர்ப்பிள்ளைகளோட இருக்கிறா. எங்களுக்கு அடுத்தமுறை பாப்பம்" என்று விட்டுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

சில ஆண்டுகள் போயின. அங்கத்தவர் தொகை நூற்று நாற்பது ஆயிற்று. முத்திரை வந்தது, ஒலிபெருக்கி வந்தது, கதிரைகள் வந்தன. ஆனால் கூட்டத்துக்கு வருபவர் முப்பது பேர். வாய் திறப்பவர் ஐந்து பேர். கடன் கட்டாதவர் எங்களைத் தெருவில் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார். காய்ச்சல் என்று படுத்தவர் எழும்பிய பிறகே செய்தி எமக்கு எட்டுகிறது.

ஏன் இப்படி? "பிறகு வந்த சனத்தால்தான் எல்லாம் கெட்டது" என்பதே பலர் சொல்லும் விடை. இந்த விடை பிழையானது மட்டுமல்ல, எம்மைப் போன்றவர்களுக்கு ஆபத்தானதும் ஆகும் என்பதே எமது கருத்து.

சிறியது ஏன் இனிக்கிறது?

பிரான்ஸ் நாட்டில் மக்ஸ் றிங்கெல்மன் என்ற விவசாயப் பொறியியலாளர் இருந்தார். மனிதர் தனியாகவும் கூட்டாகவும் கயிறு இழுக்கும்போது எவ்வளவு பலத்தைச் செலுத்துகிறார்கள் என்று அவர் அளந்து பார்த்து, 1913 இல் அம்முடிவுகளை வெளியிட்டார். தனியே இழுக்கும் ஒருவரின் பலத்தை 100 என்று கொண்டால், மூன்று பேராக இழுக்கும்போது ஒவ்வொருவரின் பங்கும் 85 ஆகக் குறைந்தது. எட்டுப் பேராக இழுக்கும்போது அது 49 ஆயிற்று. ஊர் கூடித் தேர் இழுத்த எமக்கு இது புதினமல்ல. வடத்தைப் பிடித்திருக்கும் கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை. சில கைகள் இழுப்பதே இல்லை. அந்த எட்டுப் பேரும் சோம்பேறிகள் என்பது இதன் பொருளல்ல. தனியே நின்றபோது அவர்களே முழுப் பலத்தோடு இழுத்தார்கள். மாறியது தொகை மட்டுமே.

சிறிய கூட்டத்தில் ஒருவர் வராவிட்டால் அவருடைய இடம் வெறுமையாகத் தெரியும். "ஏன் வரேல்லை?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விதான் அன்பு; அதுவே காவலும் ஆகும். நூற்று நாற்பது பேர் கூடும் இடத்தில் ஒருவர் வராததை எவரும் கவனிப்பதில்லை. கவனிக்கப்படாத மனிதர் மெல்ல மெல்ல வராமலே விட்டுவிடுகிறார்.

மனித மனத்துக்கும் ஓர் அளவு உண்டு என்று ஆய்வாளர் கூறுகின்றனர். ஒருவர் நிலையான உறவு வைத்திருக்கக்கூடியவர்களின் தொகை ஏறக்குறைய 150 என்று பிரித்தானிய அறிஞர் றொபின் டன்பார் 1992 இல் வெளியிட்ட ஆய்வின் வழியாகக் கணித்தார். இந்த எண்ணைப் பற்றி அறிஞரிடையே வாதப் பிரதிவாதங்கள் உண்டு. எண் எதுவாயினும், எல்லையொன்று இருக்கிறது என்பதை எமது அனுபவமே சொல்லுகிறது. யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணறுகளை எடுத்துக்கொள்வோம். நாலைந்து பங்காளர் இருக்கும்வரை இன்று யார் இறைப்பது, நாளை யார் இறைப்பது என்பது வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடும். பங்கு பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பிரிந்து இருபதாகும்போது, உறுதியைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போகும் நிலை வருகிறது. கிணறும் தண்ணீரும் மாறவில்லை. பங்காளர் தொகைதான் மாறியது.

புதியது ஏன் இனிக்கிறது?

சிறுமையோடு புதுமையும் சேரும்போது இனிமை இரட்டிப்பாகிறது. புதிய சங்கத்தில் பழைய கோபம் இல்லை. முன்னாள் தலைவர் இல்லை, தோற்ற வேட்பாளர் இல்லை. பெட்டியில் அடிபட்டுக்கொள்ளும் அளவுக்குப் பணமும் இல்லை. எல்லோரும் ஒரே அளவு அறியாமையோடு தொடங்குவதால், "எனக்குத் தெரியாது, சொல்லித் தாருங்கோ" என்று கேட்பதில் எவருக்கும் வெட்கம் இல்லை. எழுதிய விதிகள் இல்லாதபடியால் ஒருவரோடொருவர் பேசித்தான் எதையும் தீர்க்கவேண்டியிருக்கிறது. பேசப் பேச உறவு வளர்கிறது.

பதவியும் பணமும் பழைய மனத்தாங்கலும் சேரச் சேர இந்தப் புதுமை கழிந்துவிடும். எனவே முதலாண்டின் இனிமையை வைத்துக்கொண்டு, "அப்போதிருந்த மனிதர் நல்லவர், இப்போதிருப்பவர் கெட்டவர்" என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. அந்தப் பன்னிரண்டு குடும்பங்களும் இன்றும் அங்கத்தவர்கள்தாம். அவர்களும் இப்போது கூட்டத்துக்கு வருவது குறைவு.

சிதறிப்போன ஊர்களின் பெயரில் கைத்தொலைபேசியில் நடக்கும் வட்ஸ்அப் குழுக்களிலும் இதையே காண்கிறோம். ஒருவர் வவுனியாவில், ஒருவர் புத்தளத்தில், ஒருவர் கனடாவில். இருபது பேராக இருந்த காலத்தில், வாடகைக் காணியில் விளைந்த முதல் மரவள்ளிக் கிழங்கின் படத்தை ஒருவர் போட்டால் இருபது பேரும் பதில் எழுதினார்கள். 2022 க்கு முன் இத்தகைய குழுவொன்றில் 256 பேருக்கு மேல் சேர முடியாது. அந்த ஆண்டில் எல்லை 1,024 ஆக உயர்த்தப்பட்டது. எல்லை உயர்ந்ததால் உறவு உயரவில்லை. காலை வணக்கப் படங்களும் கட்சிச் சண்டையும் குவிய, காணிப் பத்திரங்களோடு வரும்படி யாரோ போட்ட அறிவித்தல் அடியில் போய்விடுகிறது. அதைப் பார்க்கத் தவறிய குடும்பத்துக்கு ஏற்படும் நட்டம் சிறியதல்ல.

பெருக்கிப் பார்த்த கதை

எமது நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1971 இல் கிராமந்தோறும் இருந்த ஆயிரக்கணக்கான சிறு கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றிணைக்கப்பட்டு, சில நூறு பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக மாற்றப்பட்டன. நோக்கம் தவறானதல்ல. சிறு சங்கங்களிடம் முதல் போதாது, தேர்ந்த முகாமை இல்லை என்பது உண்மையே. பெரிய சங்கங்களால் லொறியும் களஞ்சியமும் வந்தன. ஆனால் ஊர்ச் சங்கக்கடை தூரத்திலுள்ள தலைமையகத்தின் கிளையாயிற்று. "எங்கட சங்கம்" என்று சொன்ன வாய், "சங்கத்துக்காரர்" என்று சொல்லத் தொடங்கியது.

1978 முதல் பி. ஏ. கிரிவந்தெனிய சிக்கன, கடனுதவுக் கூட்டுறவுச் சங்கங்களை மீண்டும் கிராமங்களில் உயிர்ப்பித்தபோது வேறு வழியை எடுத்தார். இன்று 'சணச' என்று அறியப்படும் இயக்கம் அது. கிராமச் சங்கம் சிறியதாகவே இருந்தது. அவற்றின் மேல் மாவட்ட ஒன்றியமும் நாடளாவிய சம்மேளனமும் அமைந்தன. இந்த எண்ணத்தின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மனியில் இருக்கிறது. கிராமியக் கடன் சங்கங்களைத் தொடக்கிய றைபைசன், ஒரு சங்கத்தின் எல்லை சிறியதாக இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். அயலவரின் நாணயம் அயலவருக்கே தெரியும் என்பது அவருடைய நியாயம்.

சிறியதன் மறுபக்கம்

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சிறு கூட்டம் தன்னவர்க்கு இனிக்கும். வாசலில் நிற்பவர்க்கு அது கசக்கலாம். நாம் வந்து சேர்ந்த ஊரொன்றில் மிக நல்ல விவசாயிகள் சங்கம் ஒன்று இருந்தது. அவர்களுக்குள் அத்தனை ஒற்றுமை. நாம் சேரக் கேட்டபோது, "உங்களுக்கு இங்கே சொந்தக் காணி இல்லையே" என்று தன்மையாகத்தான் சொன்னார்கள். எம்மை வெளியே வைத்தது கெட்ட மனம் அல்ல. தமது சிறு வட்டத்தின் இனிமை கலைந்துவிடுமோ என்ற பயமே. "பிறகு வந்தவர்களால் கெட்டது" என்று இன்று நாம் சொல்லும்போது, அன்று எமக்குப் பூட்டப்பட்ட அதே கதவை இன்னொருவருக்குப் பூட்டுகிறோம். போகுமிடமெல்லாம் 'பிறகு வந்தவர்' ஆகவே வாழ்ந்த நாம் இதை மறக்கலாமா?

இன்னொன்றும் உண்டு. "எங்கட ஆக்கள்தானே" என்ற அன்பினால் சிறு குழுக்களில் கணக்குக் கேட்க வெட்கப்படுகிறோம். கேட்காத கணக்கு ஒருநாள் நட்பையும் பணத்தையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். மேலும், பன்னிரண்டு குடும்பங்கள் தனியே போய்ப் பிரதேச செயலகத்தில் காணியைப் பற்றிக் கேட்டால் கிடைக்கும் பதிலுக்கும், பல நூறு குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் கிடைக்கும் பதிலுக்கும் வித்தியாசம் உண்டு. பெரிய கூட்டமும் எமக்குத் தேவைதான்.

அடுப்பைப் பெருக்காமல், அடுப்புகளைப் பெருக்குவோம்

வட அமெரிக்காவில் ஹட்டரைற் எனப்படும் கிறிஸ்தவ விவசாயக் குடியிருப்புகள் உள்ளன. காணியும் சொத்தும் அங்கே பொது. ஒரு குடியிருப்பின் சனத்தொகை 150 ஐ அண்டும்போது, சண்டை வருமுன்பே அதை இரண்டாகப் பிரிக்க ஆயத்தமாகிறார்கள். புதிய காணி வாங்கி, வீடு கட்டி, குடும்பங்களை இரு பட்டியலாக எழுதுகிறார்கள். சில குடியிருப்புகளில் எல்லோருமே மூட்டை கட்டிவிடுவார்கள். எந்தப் பட்டியல் போவது என்பது திருவுளச்சீட்டில் முடிவாகும். மூட்டை கட்டுவது என்றால் என்ன என்று எம்மைவிட அறிந்தவர் யார்? ஆனால் நாம் கட்டியது ஷெல்லுக்குப் பயந்து. அவர்கள் கட்டுவது உறவைக் காப்பதற்காக. பிரிந்து போகிறவர்களுக்கு உழவு இயந்திரத்திலும் மாட்டிலும் பங்கு கொடுத்தே அனுப்புகிறார்கள். பிரிவு அங்கே கோபமல்ல; நாற்றுமேடையிலிருந்து பிடுங்கி நடுவதைப் போன்றது. நெருக்கமாய் விட்ட நாற்று மணி பிடிக்காது என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

எனவே நாம் முன்வைக்கும் யோசனை இதுதான். சங்கம் பெருக்கட்டும், ஆனால் அது பத்துப் பதினைந்து குடும்பங்கள் கொண்ட வட்டங்களாக இருக்கட்டும். சேமிப்பு, கடன் சிபாரிசு, நோயாளரைப் பார்த்தல், உழவு இயந்திர முறை எல்லாம் வட்டத்துக்குள் நடக்கட்டும். வட்டத்துக்கு இருவராக வந்து பெரிய சபையை அமைக்கட்டும். பசளையை மொத்தமாக வாங்குவதும் காணிக்காகக் குரல் கொடுப்பதும் அந்தச் சபையின் வேலை.

வட்டங்களைப் பழைய ஊர் வாரியாகவோ, சாதி வாரியாகவோ, சமய வாரியாகவோ பிரிக்கக்கூடாது. இன்று யார் பக்கத்து வேலியில் இருக்கிறார்களோ அவர்களே ஒரு வட்டம். புதிய குடும்பம் வந்தால், அதைக் கூட்டிவந்து அறிமுகம் செய்யும் பொறுப்பை ஒரு பழைய குடும்பம் ஏற்கட்டும். வட்டம் பதினைந்தைத் தாண்டினால், மனத்தாங்கல் வரும்வரை காத்திராமல் பிரிக்கட்டும். கணக்கை மாதம் ஒருமுறை எல்லோருக்கும் கேட்க வாசிக்கட்டும். கொப்பியைப் பிடிக்கும் கை ஆண்டுக்கு ஒருமுறை மாறட்டும். கைத்தொலைபேசியிலும் அப்படியே: அறிவித்தலுக்கென்று, பொறுப்பானவர்கள் மட்டும் எழுதும் ஒரு பெரிய குழு. சுகதுக்கம் பேச வட்டத்துக்கு ஒரு சிறு குழு.

நாளை சிலருக்குச் சொந்தக் காணி கிடைக்கும். சிலர் இருந்த இடத்திலேயே நிலைப்பார்கள். எங்கே போனாலும் பக்கத்துக் காணியில் ஒரு புதிய முகம் இருக்கும். இனிமை அந்தப் பழைய பன்னிரண்டு குடும்பங்களோடு போய்விடவில்லை. பன்னிரண்டு பேர் முகம் பார்த்து அமரும் எந்த நிழலிலும் அது மறுபடி முளைக்கும். முதலில் வந்தவர் சற்று ஒதுங்கி, பிந்தி வந்தவருக்குப் பாயில் இடம் விடவேண்டும். வருகிற கூட்டத்தில் வாசலோரம் நிற்பவரின் பெயரைக் கேட்பதிலிருந்து தொடங்குவோம்.