மருந்தென்னும் முகமூடி

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டுமென்றும் கேட்டனர். துப்பாக்கிக் குண்டுக்குச் சிலர் இரையும் ஆயினர். அவர்தம் கொள்ளுப்பேரர் நிலை இன்று யாது?

காஜாங்கில் தோட்டக் கிராணியாயிருக்கும் யான், லயத்துக்குப் பின்னே பள்ளிப் பிள்ளைகள் எறிந்து செல்லும் இருமல் மருந்துப் போத்தல்களைப் பலகாலும் காண்கிறேன். இருமலோ ஒருவருக்கும் இல்லை! அத்தகைய மருந்துகள் சிலவற்றிலுள்ள கோடீன், அபினியின் இனம். உடலுள் சென்றபின் ஈரலில் ஒரு பகுதி மார்பினாகவே மாறுவது. கெத்தும் இலைநீரில் அம்மருந்தைக் கலந்து குடிப்பாருமுண்டு.

பெற்றோரோ, "சனி பிடித்தது" என்று பிள்ளைக்குக் கயிறு கட்டுகின்றனர். கயிறு போத்தலை மூடுமா? 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம் இருக்கிறது. மருத்துவர் சீட்டின்றி விற்பவனும் இருக்கிறான். நன்கொடை தந்தால் அவனுக்கே நம் சங்கத்து விழாவில் மாலை!

அன்று கள்ளுக்கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தது; பகை இன்னதென்று தெரிந்தது. இன்று அது மருந்தென்று வருவதால் வாளாவிருக்கிறோம். அம்மாலையை நிறுத்துங்கள், விற்பவனைச் சட்டத்தின்முன் நிறுத்துங்கள், பிள்ளையை அடியாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வெட்கம் பிள்ளைக்கன்று, விற்றவனுக்கும், விட்டுவைத்த நமக்குமே.