கோழிக்கு இடம் வேண்டும்

கிலோ 9 வெள்ளி 40 காசு என்று கோழிக்கு இருந்த உச்ச விலை 2023 நவம்பர் 1-இல் நீங்கியது. முட்டைக்கான உதவித்தொகையும் 2025 ஆகஸ்டில் நின்றுபோயிற்று. நிபோங் திபால் வட்டாரத் தோட்டங்களில் வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வைத்திருப்பவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் வளர்க்கிற முறை?

அவிழ்த்து விட்டால் செம்பனைக்குள் மருந்தடித்த புல்லைக் கொத்தும். மிச்சத்தை மரநாயும் உடும்பும் கொண்டுபோகும். 2006 மார்ச்சில் இதே செபராங் பிறையில், பெனாந்திப் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்ததை மறந்துவிட வேண்டாம்.

அதற்காகப் பத்துக் கோழியைப் பழைய பெட்டியில் திணிப்பதா? எச்ச நெடியில் கண் எரியும், ஒன்றையொன்று கொத்தும், ரத்தக் கழிச்சல் வரும். பத்துக் கோழிக்கு 8 அடிக்கு 5 அடியில் கூடும், ஓடியாட 10 அடிக்கு 10 அடி அடைப்பும் வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கும் மண் இது. கூட்டை 2 அடி உயர்த்துங்கள். மெல்லிய கோழி வலையை மரநாய் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டிக் கம்பி வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்குங்கள்.

வீடும் நிலமும் தோட்டத்துடையவை. கட்டிவிட்டு, “பிரி” என்றதும் மல்லுக்கு நிற்பதைவிட, தலைவரோடு போய் மானேஜரிடம் முதலிலேயே கேளுங்கள். நிர்வாகத்தாரும் பத்தடி இடத்துக்கு முகம் சுளிக்கலாமா? சம்பள உயர்வா கேட்கிறோம்!

இன்னொன்று: ஆணி அடிக்காமல் போல்ட் போட்டுப் பூட்டுங்கள். தோட்டம் மாறும்போது கூட்டையும் கழற்றி லோரியில் ஏற்றிக்கொள்ளலாம்.