எலிக்குக் குணமானால் போதுமா?

பி.பி.சி. 157 என்றதும் லண்டன் வானொலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது 15 அமினோ அமிலங்களைக் கோர்த்து ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்படும் ஒரு பெப்டைடு. இரைப்பை நீரில் உள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று சொல்லி, 1990களின் தொடக்கத்திலிருந்து இதை ஆராய்ந்து வருகிறார்கள் குரோஷியாவின் சாக்ரெப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். பெயரின் விரிவாக்கம் 'உடலைக் காக்கும் சேர்மம்'. பெயரிலேயே பாதி விளம்பரம் முடிந்துவிட்டது!

ஆய்வு முடிவுகள் சாதாரணமானவை அல்ல. எலியின் குதிகால் தசைநாணை வெட்டிவிட்டு இந்த மருந்தைக் கொடுத்தபோது, கொடுக்கப்படாத எலிகளைவிட நன்றாகக் கூடியது. 2011ல் தைவானில் எலியின் தசைநாண் செல்களை வைத்து நடந்த ஆய்வில், மருந்து பட்ட செல்கள் வேகமாக நகர்ந்தன, கஷ்டமான சூழலிலும் பிழைத்தன. காயத்தில் புதிய இரத்தக் குழாய்கள் உருவாகவும் இது உதவுவதாகத் தெரிகிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் தயக்கம்? முதல் காரணம், எலி மனிதன் அல்ல. ஆய்வில் வெட்டப்படுவது ஆரோக்கியமான எலியின் நல்ல தசைநாண். மனிதர்களுக்குப் பெரும்பாலும் வருவதோ பல வருடம் தேய்ந்து நைந்த பிறகு வரும் கிழிசல். இரண்டாவது, வெளிவந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஒரே குழுவினுடையது. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல இதன் பொருள். தொடர்பே இல்லாத பலர் செய்து பார்த்து அதே விடை வந்தால்தான் அறிவியலில் அது உறுதி. மூன்றாவது, மனிதர்களிடம் நடந்த சோதனைகள் மிகச் சில, அவையும் மிகச் சிறியவை. 2015ல் பதிவான ஒரு முதல் கட்டச் சோதனையின் முடிவுகள் ஆய்விதழ்களில் வெளிவரவே இல்லை.

"இயற்கையான பெப்டைடுதானே, என்ன ஆகிவிடும்?" என்பார்கள். இன்சுலினும் பெப்டைடுதான். அளவு மீறினால் உயிரையே எடுக்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே மனிதனுக்கான அளவே இன்னும் முடிவாகவில்லை. புதிய இரத்தக் குழாய்கள் காயத்துக்கு நல்லதுதான், ஆனால் புற்றுநோய்க் கட்டிகளும் அவற்றை நம்பித்தான் வளர்கின்றன. இந்த மருந்து புற்றுநோயைத் தரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. தராது என்றும் நிரூபிக்கவில்லை.

2006ல் லண்டனில் நடந்ததை மறக்கக் கூடாது. டி.ஜி.என். 1412 என்ற வேறொரு மருந்தை, குரங்குகள் தாங்கிய அளவில் 500ல் ஒரு பங்கு மட்டும் ஆறு தன்னார்வலர்களுக்குச் செலுத்தினார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேரும் உயிருக்குப் போராடினார்கள். மருத்துவமனையிலேயே இருந்ததால் பிழைத்தார்கள். வீட்டில் தனியாக ஊசி போட்டுக்கொள்பவரை யார் காப்பாற்றுவது?

ஆம், வீட்டில்தான் போட்டுக்கொள்கிறார்கள். 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று ஒட்டிய குப்பிகளை இணையத்தில் வாங்கி! உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு சுத்தம் என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்தான் சாட்சி. விளையாட்டு வீரர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு 2022ல் இதைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

வலியால் துடிப்பவரைக் கேலி செய்வது நியாயமில்லை. தசைநாண் காயம் ஆற மாதக்கணக்கில் ஆகும், வேலையும் விளையாட்டும் அதுவரை காத்திருக்காது. ஆனால் ஊசி போட்டவருக்கு மூன்று மாதத்தில் குணமானால், அது மருந்தாலா, ஓய்வாலா? ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லாமல் ஆயிரம் பேர் சொன்னாலும் இதற்குப் பதில் கிடைக்காது. முறையாக இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மறு குழுவுக்கு வெற்று ஊசியும் போட்டுப் பார்த்தால் கிடைக்கும்.

முப்பது வருடங்களாக எலிகள் தங்கள் பங்கைச் செய்துவிட்டன. இனி கேட்க வேண்டியது குப்பியின் விலையை அல்ல, அந்தச் சோதனை எப்போது நடக்கும், முடிவு எதுவானாலும் வெளியிடுவார்களா என்பதைத்தான்.