கேரி தீவிலிருந்து படிக்கும் முதுகலை

கற்பித்தல் வடிவமைப்பிலும் கற்றல் தொழில்நுட்பத்திலும் முதுகலை படிக்க விரும்பும் ஆசிரியரும் பயிற்றுநரும் முதலில் கேட்பது, இயங்கலையில் படித்த பட்டத்துக்கு மதிப்பிருக்குமா என்பதைத்தான். அதற்கான விடை நம் துறையிலேயே நெடுநாளாக இருக்கிறது. ஊடகம் பாடத்தைச் சுமந்து செல்லும் வண்டி மட்டுமே, கற்றலை உண்டாக்குவது கற்பிக்கும் முறைதான் என்று 1983இல் ரிச்சர்ட் கிளார்க் வாதிட்டார். ராபர்ட் கோஸ்மா அதை மறுத்தார். ஒவ்வோர் ஊடகத்துக்கும் அதற்கே உரிய ஆற்றல் உண்டு, நல்ல வடிவமைப்பு அதைப் பயன்படுத்திக்கொள்ளும் என்றார். அந்த விவாதம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஆனால் 2009இல் அமெரிக்கக் கல்வித் துறை வெளியிட்ட தொகுப்பாய்வில், இயங்கலையில் படித்தோர் வகுப்பறையில் படித்தோரைவிடச் சராசரியில் சற்று மேலாகவே தேறியிருந்தனர். கூடுதல் நேரமும் கூடுதல் பயிற்சியும் அதற்குக் காரணமாக இருக்கலாம், ஊடகத்துக்கு அந்தப் பெருமையைக் கொடுத்துவிட வேண்டாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். ஆகவே இயங்கலையா நேர்வகுப்பா என்ற கேள்வியில் நாம் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. இயங்கலை முதுகலையின் உண்மையான பலம் வேறு. மாணவர் தம் ஊரைவிட்டு நகராமல், தாம் யாருக்காகப் பாடம் வடிவமைக்கப் போகிறாரோ அந்த மக்களுக்கு நடுவிலேயே இருந்து படிக்க முடிகிறது. இந்தப் பலத்தைப் பாடத்திட்டத்தின் மையத்தில் வைக்காத முதுகலை எவ்வளவு நவீனமான தளத்தில் ஓடினாலும் தன் கையிலிருக்கும் முதலை வீணாக்குகிறது என்பதே நம் கருத்து.

கேரி தீவை எடுத்துக்கொள்வோம். மலேசியாவின் கோல லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆறு நிலப்பரப்பிலிருந்து பிரித்து வைத்திருக்கும் செம்பனை மண் அது. அங்கே தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சுங்கை பும்புன் போன்ற கிராமங்களில் மரச் சிற்பத்துக்குப் பேர்போன மா மெரி பூர்வகுடியினர் வாழ்கிறார்கள். நாட்டின் மற்றச் செம்பனைத் தோட்டங்களைப் போலவே வெளிநாட்டுத் தொழிலாளரும் உழைக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மூன்று மொழி படிக்கும் பிள்ளை, வீட்டில் மா மெரி பேசிப் பள்ளியில் மலாய் வழி படிக்கும் பிள்ளை, தாய்மொழி வேறாக இருக்க மலாய்ச் சொற்களை வேலையோடு வேலையாகப் பொறுக்கிக்கொள்ளும் தொழிலாளி என மூவகைக் கற்போர் ஒரே தீவில் இருக்கிறார்கள். குலை வெட்டும் தொழிலாளி கற்க வேண்டியதைப் பாருங்கள். உயர்ந்த மரத்தின் அடியில் நின்று, நீண்ட கழியில் கட்டிய அரிவாளை ஏந்தி அண்ணாந்து பார்த்து, இந்தக் குலை முற்றியதா இல்லையா என்று சில நொடிகளில் முடிவு செய்கிறார். நிறமும் தரையில் உதிர்ந்து கிடக்கும் பழமுமே அவருக்குச் சாட்சி. முற்றாமல் வெட்டினால் எண்ணெய் குறையும். காலம் கடத்தி வெட்டினால் கட்டற்ற கொழுப்பமிலம் கூடித் தரம் கெடும். 1965இல் ராபர்ட் காக்னே கற்றலின் வகைகளைப் பிரித்துக் காட்டினாரே, அந்தக் கணக்கில் இது வேறுபடுத்தி அறியும் திறன். முற்றியதும் முற்றாததுமாக மாறி மாறிப் பல குலைகளைக் காட்டி, உடனுக்குடன் சரி தவறு சொல்லித்தான் இதைக் கற்பிக்க முடியும். நாற்பது பக்கப் படக்காட்சியை அடுத்தது, அடுத்தது என்று தட்டவைத்துக் கற்பிக்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. தொழிலாளிக்குத் தெரியாததால்தான் முற்றாத குலை ஆலைக்கு வருகிறதா, அல்லது கூலி கணக்கிடப்படும் முறை அவரை அப்படி வெட்டத் தூண்டுகிறதா? இப்படிக் கேட்க வேண்டும் என்று 1970இலேயே ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பாடநூலில் அந்தக் கேள்வியை மனனம் செய்துகொள்ளலாம். விடையைத் தோட்டத்துக்குள் நடந்து, மண்டோரிடமும் வெட்டுபவரிடமும் தனித்தனியாகப் பேசித்தான் கண்டுபிடிக்க முடியும்.

கற்போரைப் பார்க்காமல் வடிவமைப்பதன் விலை என்ன என்பதை இந்நாடு இருமுறை கண்டுவிட்டது. நாடு முழுவதும் பள்ளிகளுக்கு மெய்நிகர் கற்றல் தளம் ஒன்று கொண்டுவரப்பட்டது, பணம் கொட்டப்பட்டது, ஆசிரியர்களுக்குக் கணக்குகள் திறக்கப்பட்டன. 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, ஆய்ந்த பள்ளிகளில் அத்தளத்தின் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று பதிவு செய்தது. பிறகு 2020 மார்ச் 18 அன்று பெருந்தொற்றுக்கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அப்போது கல்வி அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில், மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னணுக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. கருவி இருந்தோரில் பெரும்பகுதியினர் கையில் இருந்தது திறன்பேசி. அகன்ற திரைக்கென்று செய்த பாடம் உள்ளங்கைத் திரையில் சுருங்கியபோது, அண்ணன் தங்கை எல்லாருக்கும் ஒரே கைப்பேசி என்றிருந்த வீடுகளில் நேரலை வகுப்பு பொருளற்றுப் போனது. ஆசிரியர்கள் புலனத்தில் குரல் பதிவும் பயிற்றித் தாளின் படமும் அனுப்பிக் காலத்தை ஓட்டினார்கள். அதைத் தரக்குறைவு என்று நம் துறையினர் சிலர் ஒதுக்கினார்கள். கற்போரின் நிலைமையை ஆராய்ந்து அதற்கேற்ற வழியைத் தேர்ந்ததுதான் அங்கே நடந்தது. நம் பாடநூல்களின் முதல் அத்தியாயம் சொல்வதும் அதையே. அந்த ஆசிரியர்களுக்கு இத்துறையில் முறையான பட்டம் இருந்திருந்தால், அந்தக் குரல் பதிவுகள் இன்னும் எவ்வளவு செம்மையாக அமைந்திருக்கும் என்பதே நம்மை வருத்தும் எண்ணம்.

வேலை கொடுப்போர் கேட்பது மென்பொருள் திறமையைத்தானே, களப்பணியை யார் கேட்கிறார்கள் என்ற மறுப்பு வலுவானது; அதை எளிதில் தள்ளிவிட முடியாது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு வரியாகக் கட்டுகின்றன. அந்தப் பணம் பயிற்சியாகத் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில், கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்கற்றல் தொகுப்புகளுக்குச் சந்தை உருவாகியிருக்கிறது. விளம்பரங்களில் மென்பொருள்களின் பெயர்களே முன்னால் நிற்கின்றன. ஆனால் மென்பொருளைச் சில வாரங்களில், பெரும்பாலும் செலவின்றியே கற்றுக்கொள்ளலாம்; அதற்கு முதுகலை எதற்கு? அதோடு, வினாக்களையும் குரலையும் படத்தையும் இயந்திரமே நொடியில் ஆக்கித் தரும் காலம் வந்துவிட்டது. உற்பத்தித் திறமையை மட்டும் விற்ற வடிவமைப்பாளருக்குத்தான் முதலில் நெருக்கடி. குலை வெட்டுபவரின் தயக்கம் எங்கே இருக்கிறது என்று இயந்திரத்துக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்குவதே முதுகலையின் வேலை.

கோலாலம்பூரில் இருக்கும் விரிவுரையாளர் தீவில் நடக்கும் களப்பணியை எப்படி மேற்பார்க்க முடியும் என்பது இரண்டாவது மறுப்பு. தொலைவழிக் கல்வி இந்நாட்டுக்குப் புதிதல்ல. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இலேயே வளாகத்துக்கு வெளியே இருந்தோருக்குக் கற்பிக்கத் தொடங்கியது. 2000இல் நிறுவப்பட்ட மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் வடிவமைப்பு, தொழில்நுட்ப முதுகலையே இருக்கிறது. வேலை முடிந்த மாலையில் கேரி தீவிலிருந்து கோலாலம்பூர் வகுப்புக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தால் பலர் இந்தப் படிப்பை நினைத்தே பார்க்க மாட்டார்கள். மேற்பார்வைக்கு வேண்டியது அருகாமை அன்று, பதிவு. கற்போருடன் நடத்திய உரையாடலின் ஒலிப்பதிவு, முதல் முன்வடிவம், அதைக் கற்போர் கையில் கொடுத்தபோது எங்கே தடுமாறினார்கள் என்ற குறிப்பு, திருத்திய வடிவம் என்று படிப்படியாகத் தாக்கல் செய்தால், இறுதியில் வரும் பளபளப்பான தொகுப்பைவிட அது நம்பகமான மதிப்பீடு. களத்துக்குப் போகாதவர் அதைப் புனைவதும் கடினம். இதற்கு விரிவுரையாளரின் நேரம் கூடுதலாகச் செலவாகும்; கட்டணத்தைக் குறைவாக வைத்து நூற்றுக்கணக்கானோரைச் சேர்க்கும் நிறுவனங்களுக்கு இது கசக்கும். அந்தச் செலவைத் தவிர்க்கும் நிறுவனம் தரத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

யாரைச் சேர்ப்பது என்பதிலும் வாய்ப்பு திறந்தே இருக்கிறது. இளங்கலை இல்லாவிட்டாலும் 30 வயது கடந்து, எஸ்டிபிஎம் அல்லது டிப்ளோமா தகுதியோடு உரிய அனுபவமும் உள்ளவர், முன்கற்றல் அனுபவ மதிப்பீட்டின் வழியாக முதுகலைக்கு வரலாம். பாலர்பள்ளி ஆசிரியை, தோட்ட அலுவலகக் கிராணி, பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும் மேற்பார்வையாளர் ஆகியோருக்குக் கற்போரை ஏற்கெனவே தெரியும்; அவர்களுக்கு இல்லாதது முறை. தமிழில் வடிவமைப்பதற்குச் சந்தை சிறியது என்பார்கள். நாடு முழுவதும் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்க, அவற்றின் தேவையைச் சந்தை தீர்மானிக்கட்டும் என்று விடுவது நமக்கு உடன்பாடில்லை. முதுகலைத் திட்டப்பணியைத் தமிழிலோ மா மெரியிலோ செய்து, அதன் விளக்க அறிக்கையை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத அனுமதிக்கும் ஒரு விதி போதும். அந்தப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் சில நல்ல பாடங்களாவது கிடைக்கும். சேர விரும்புவோர் கட்டணத்தையும் கால அளவையும் விசாரிப்பதற்கு முன், இறுதித் திட்டப்பணியில் உண்மையான கற்போருடன் எத்தனை வாரம் வேலை செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகத்தைக் கேட்க வேண்டும். தேர்வுக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தோட்டத்தில் ஒரு பருவம் முழுதும் ஆராய்ந்து, இங்கே குறை பயிற்சியில் இல்லை, கூலி முறையில்தான் இருக்கிறது, எனவே பாடம் எதுவும் தேவையில்லை என்று ஆதாரத்தோடு முடிக்கும் மாணவருக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.